ஜெசி, உன் பக்கத்தில் நான் எழுதியது

என் உயிரான ஜெசிந்தாவுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. இன்னும் கைப்பேசி சிணுங்கினால் நெஞ்சு திடுக்கென்கிறது. நம் வகுப்புக் குழுவில் யாராவது ஒரே ஒருத்தியின் படத்தை மட்டும் போட்டால், இன்னொரு சாவுச் செய்தியோ என்று பயந்து, கீழே எழுதியிருப்பதைப் படிக்காமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்தாகத்தான் இருக்கும். காலையில் குளிக்கும்போது என் உடம்பைத் தொடவே என் விரல்கள் பயப்படுகின்றன. அவசர அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன். உனக்குப் புரியும்தானே?

இந்தத் தை மாதம் நம் பழைய கல்லூரித் தாவரவியல் வகுப்பு பாளையங்கோட்டையில் கூடியது. இறந்துபோன தோழிகளுக்காக ஒரு சிறு நினைவு மலர் போடவேண்டும், ஒருத்திக்கு ஒரு பக்கம் என்று ராஜேஸ்வரிதான் ஏற்பாடு செய்தாள். உன் பக்கத்தை என் தலையில் கட்டினாள். "நீதானட்டி மூணு வருஷம் அவகூட ஒரே ரூம்ல கிடந்தே. வேற யாரு எழுதுவா?" என்றாள்.

பாதிப் பக்கம் தானாக வந்தது. செடி சேகரிக்க மணிமுத்தாறுக்குப் போனபோது எங்கள் கால்களில் அட்டை ஏற, நாங்கள் எல்லாரும் கத்தினோம். நீ மட்டும் உட்கார்ந்து ஒவ்வொருத்தி காலிலிருந்தும் வெறுங்கையால் பிடுங்கிப் போட்டாய். "கடக்கரைக்காரிக்கு இதெல்லாம் ஒரு பயமாளா?" என்று சிரித்தாய். வள்ளியூரில் நீ பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளைப் பற்றியும், வருஷத்தில் பாதி நாள் கப்பலில் இருக்கும் கணவரை வைத்துக்கொண்டு மெர்லினைத் தனியாளாய் வளர்த்ததைப் பற்றியும் எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

மெர்லினுக்குக் கல்யாணப் பட்டு எடுக்க என்னைத் திருநெல்வேலிக்கு வரச்சொன்னாயே, அந்த நாள்தான் குறுக்கே நின்றது. ஜவுளிக்கடையில் துணி போட்டுப் பார்க்கும் சின்ன அறைக்குள் என்னை இழுத்துக் கதவைச் சாத்தினாய். என் கையைப் பிடித்து உன் மார்பின் ஓரத்தில் வைத்தாய். புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ கெட்டியாக இருந்தது.

"எத்தன நாளாட்டி?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"வா, இப்பவே ஆசுபத்திரிக்குப் போவோம்."

"கல்யாணம் முடியட்டும். மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா, வம்சத்துல வர்ற நோயின்னு சொல்லிருவாவ. யார்ட்டயும் மூச்சு விடப்படாது. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வெளியே மெர்லின் ஒரு நீலப் பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நன்றாயிருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரே குரலில், நன்றாயிருக்கிறது என்றோம்.

மலருக்கு உன் படம் வேண்டுமென்று வள்ளியூர் போனேன். மெர்லின் தன் குழந்தையோடு வந்து உன் அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். காப்பி கொடுத்தாள். படத்தைக் கொடுத்தாள். பிறகு ஒரு மருத்துவச் சீட்டை என் முன்னால் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தின மாசம் அம்மா தனியா டாக்டர்கிட்ட போயிருக்காங்க. ஒடனே டெஸ்ட் எடுக்கணும்னு எழுதியிருக்கு. அம்மா எடுக்கல. சித்தி, ஒங்களுக்கு இது தெரியுமா?"

அந்தச் சீட்டு எனக்கே புதிது, ஜெசி. ஆனால் அவள் கேட்டது சீட்டைப் பற்றி இல்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு துடித்தது. தெரியும் என்றால் இந்தப் பெண் என்னை இனி எப்படிப் பார்ப்பாள்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று. தன் கல்யாணம்தான் அம்மாவைக் கொன்றது என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாளோ?

"கட்டி இருந்தது தெரியும்மா" என்றேன்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே சித்தி."

அவ்வளவுதான். எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போகவும் தைரியமில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. உன் பேரன் என் செருப்பை இழுத்துக்கொண்டிருந்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எனக்காகத்தான் மறைச்சாங்களா?"

"அப்படித்தான் சொன்னா. ஆனா கல்யாணம் முடிஞ்சும் அவ போகலியே. நான் கூப்பிடக் கூப்பிட, மாப்பிள்ளைக்கு விருந்து, ஸ்கூல்ல பரீட்சைன்னு மாசக்கணக்காத் தள்ளுனா. அவ பயந்தாம்மா. ஒன் கல்யாணம் அவளுக்கு ஒரு சாக்கு. நானும் பயந்தேன். அவ வரமாட்டேன்னது எனக்குச் சௌகரியமாப் போச்சு."

இதை நான் அதற்குமுன் என்னிடம்கூடச் சொன்னதில்லை. மெர்லின் அழுதாள். என் மடியில் சாய்ந்து அழவில்லை. தள்ளி உட்கார்ந்துதான் அழுதாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "எங்கம்மா தைரியசாலின்னு எல்லாரும் சொல்லுதாங்க. பயந்தாங்கன்னும் எழுதுங்க சித்தி. அதையும் எழுதுனாத்தான் அது எங்கம்மா."

முக்கூடலில் என் வீட்டுக்குத் திரும்பி அப்படியே எழுதினேன். கூட்டத்தில் அதை வாசிக்க எழுந்தபோதும் ஒரே யோசனை. நீ கோபித்துக்கொள்வாயோ? உன் மேல் செய்த சத்தியத்தை இத்தனை பேர் முன்னால் உடைக்கிறேனே? வாசித்து முடித்ததும் பின் வரிசையில் ஒருத்தி, "இதெல்லாமா மேடையில சொல்லுவாவ?" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. ராஜேஸ்வரி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் காலை அவளிடமிருந்து அழைப்பு.

"செண்பகம், எனக்கும் ஒண்ணு இருக்குளா. நாலு மாசமா. யாருக்கும் தெரியாது."

"போனை ஒன் வீட்டுக்காரர்ட்ட குடு."

"வேண்டாட்டி, ஒன்ட்ட மட்டும்..."

"குடுக்கியா, இல்ல நேர்ல வந்து சொல்லட்டுமா?"

கொடுத்தாள். சொன்னேன். அன்றைக்கே மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போனோம். சோதனை முடிவு வர ஐந்து நாள் ஆனது. வந்த முடிவு நாங்கள் பயந்ததேதான், ஜெசி. ஆனால் பரவவில்லை, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. போன வாரம் அறுவைச்சிகிச்சை முடிந்தது. இன்னும் மருந்தெல்லாம் இருக்கிறது. கஞ்சியில் உப்பில்லை என்று நேற்று ராஜி தன் வீட்டுக்காரரைப் போட்டு விரட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கத்தான் எவ்வளவு சந்தோஷம்! அந்த அலமாரிச் சீட்டை மெர்லின் கண்டெடுக்காமல் போயிருந்தால்?

அந்த டாக்டரம்மா என்னையும் கேட்டார். "நீங்க பரிசோதனை செஞ்சாச்சா?" அடுத்த முறை என்று சொல்லிவிட்டு, மின்தூக்கிக்குக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடிவந்துவிட்டேன். ராஜியை அதட்டிய அதே நான்தான்.

என் பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. எனக்கும் இருக்குமோ என்ற இந்தப் பயத்தை நேற்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஏன் இத்தன நாளும் சொல்லல?" என்றார். வியாழக்கிழமை பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம்.

போவேன், ஜெசி. நடுங்கிக்கொண்டேயாவது போவேன். முடிவு எதுவானாலும் அன்று சாயங்காலமே மெர்லினைக் கூப்பிட்டுச் சொல்லுவேன். அந்தப் பிள்ளையிடம் இனி நான் எதையும் ஒளிக்கமாட்டேன். இது நான் உனக்குச் செய்யும் புதுச் சத்தியம். பழையதை உடைத்ததற்காக என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்.

உன் கூடப்பிறக்காத தங்கை,
மெர்லினின் சித்தி,
செண்பகம்