ஒன்றேகால் அங்குலம்

நண்பருக்கு,

இன்று காலை தேநீர்க் கோப்பையைத் தூக்கியபோது தேநீர் மணக்கவில்லை, என் விரல்கள்தான் மணந்தன. இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெயின் மணம் போகவில்லை. "இண்டைக்குச் சோறு கரண்டியால சாப்பிடுங்கோ" என்று மனைவி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொட்டாஞ்சேனையில் உம்முடைய கடைப்படி ஏறியதும் முதலில் வருவது இந்த மணம்தான். நேற்று ஹெந்தளையில், உம்முடைய பிக்கப்பின் புதிய பின்பெட்டிக்கு என் கையாலேயே எண்ணெய் பூசினேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லவேண்டிய ஆள் நீர்.

நீர் இரும்புச் சாமான் வியாபாரி, நான் அரசாங்கக் கந்தோரில் படவரைஞன். நமக்குள் ஒத்துப்போனவை குறைவு. நீர் சாண் வைத்து அளப்பீர். நான் நாடாவை மூன்று தரம் பிடிப்பேன். "ஒரு நூல் அங்கால இஞ்சால போனால் வீடு விழாது காணும்" என்பீர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவீர். இடப்பக்கக் கதவின் பூட்டு வேலை செய்யாது. அதை உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்திருப்பது என் வேலை. வெள்ளவத்தையில் பஸ்காரர்கள் உரசிக்கொண்டு போகும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். "கதவைப் பிடியும், கடவுளை நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று நீர் சொன்னதை நினைத்து இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன்.

நீர் காலமான பிறகு பிக்கப் தெஹிவளையில், உம்முடைய மகள் வாசுகியின் மாடிவீட்டுத் தரிப்பிடத்தில் நின்றது. மழையும் கடற்காற்றும் பின்பெட்டியைத் தின்றுவிட்டன. ஒருநாள் வாசுகி அதன் அடித்தளத்தில் கைவைத்துக் காட்டினாள். தகரம் அப்பளம்போல நொறுங்கியது. திருத்தாவிட்டால் அதை அகற்றவேண்டும் என்று குடியிருப்புச் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். என்ஜினையும் முன்பகுதியையும் மட்டும் கழற்றி வாங்க ஒருவர் ஆயத்தமாக இருந்தார்.

"அங்கிள், எனக்குக் குடுக்க விருப்பமில்லை," என்றாள் வாசுகி. "ஆனா பெட்டி இல்லாத பிக்கப்பை வைச்சு நான் என்ன செய்யிறது? நீங்கள் அளந்து படம் கீறித் தந்தால் செய்விக்கலாம். வாற மாதம் முதல் சனிக்கிழமை அந்த ஆள் வாறார். அதுக்குள்ள பெட்டி ஏறினால் வைச்சிருப்பம். இல்லையெண்டால் போகட்டும்."

வேறு யாரையாவது கேள் பிள்ளை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. ஓம் என்றுவிட்டேன்.

முதலில் பழைய பெட்டி ஒன்று கிடைக்குமா என்று பஞ்சிகாவத்தைக்குப் போனேன். நாலு கடை ஏறினேன். கடைசிக் கடையில் ஒரு முஸ்லிம் முதலாளி நான் கொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த மொடலுக்குப் பின்பெட்டி தேடுறாராம். மியூசியத்துக்குப் போற வழியைக் காட்டி விடு." பிறகு எனக்கு ஒரு கதிரை போட்டு, பிளேன்டீ தந்து, "கெடைக்காது அங்கிள். செய்யத்தான் வேணும். ஹெந்தளையில கராஜ்காரர் அன்டன் பாஸ்கிட்டப் போங்க, அவருக்குத்தான் இந்தப் பைத்தியம் ஈக்கிது" என்றார். நன்றி சொன்னேன். நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்பும் கேட்டேன். நீர் பக்கத்தில் இருந்திருந்தால் அதற்கு ஏசியிருப்பீர்.

பலகைக்குக் குறையிருக்கவில்லை. உம்முடைய கடையைக் கைமாற்றியபோது, ஆணிப்பெட்டிகள் அடுக்கிய முதிரைமரத் தட்டுகளை வாசுகி கழற்றி வைத்திருந்தாள். பதினொரு பலகை. பெட்டியின் அடித்தளத்துக்குக் கணக்காகப் போதும். ஒன்றைப் பிழையாக வெட்டினாலும் அதற்குப் பதிலாக இன்னொன்று இல்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன். உக்கிப்போன பெட்டியைக் கழற்ற முன்னர் அளந்தேன். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் குறைந்தது. மீண்டும் அளந்தேன். அதே குறைவு. அடுத்தநாள் போய் வேறு நாடாவால் அளந்தேன். அப்போதும் அதுதான். வேறு யாராக இருந்தாலும் அதை அப்படியே எழுதியிருப்பார்கள். நான் என் கண்ணைச் சந்தேகித்தேன். போன வருடம்தான் கண்ணில் வெண்புரை எடுத்தது. தகரத்தைக் கறள் தின்றதில் விளிம்பு குறைந்திருக்கலாம் என்றும் நினைத்தேன். பெட்டி என்றால் நீள்சதுரம், இரண்டு பக்கமும் சமமாகத்தானே இருக்கவேண்டும்? இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்து, நாலு மூலையும் மட்டமாக, கறுப்பு மையில் படம் வரைந்து கொண்டுபோனேன்.

அன்டன் பாஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஐயா, இது வாகனத்துக்கா, கல்யாண அல்பத்துக்கா? கிரீஸ் கையால தொடவே பயமா இருக்கு" என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பிக்கப்பை ஹெந்தளைக்கு இழுத்துப்போனோம். படத்தின்படி இரும்புச் சட்டம் செய்து, நாலுபேர் தூக்கி வைத்தார்கள். இடப்பக்கம் துளைக்கு மேல் துளை கிட்டத்தட்ட நின்றது. வலப்பக்கப் பின்துளை ஒரு அங்குலம் விலகி நின்றது. சட்டத்தைத் தள்ளினால் முன்மூலை கெபினில் இடித்தது. அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமைக்கு நாலு முழு நாள்.

பலகையை அதுவரை நான் வெட்ட விடவில்லை. சட்டம் ஏறட்டும், ஏறட்டும் என்று தள்ளிப்போட்டேன். என் பயம் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாக இருக்கலாம்.

அடுத்தநாள் நூலும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு போய், காட்போட் மட்டை விரித்து, பிக்கப்பின் கீழ் படுத்தேன். "ஐயா, எழும்ப ஏலாமப் போனா எங்கள்ட்ட கிரேன் இல்ல" என்றார் அன்டன் பாஸ். வண்டியின் அடிச்சட்டமான சசியில், வலப்பக்கப் பின்முனைக்கு அருகே, அழுக்குக்கு அடியில், கையகல இரும்புத் தகடு ஒன்று வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தது. அவர் அதைச் சுரண்டிப் பார்த்தார். "பின்னால பலமா அடி வாங்கியிருக்கு. சசி உள்ள போயிட்டு. நிமிர்த்த ஏலாம அப்பிடியே பலப்படுத்தி, அதுக்கு ஏத்த மாதிரிப் பெட்டியக் கட்டையா வெட்டிச் செஞ்சிருக்காங்க. கெட்டிக்காரன் வேலை. நீங்க அளந்தது சரி ஐயா. கீறினதுதான் பிழை."

அந்த மட்டையில் படுத்தபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

உமக்குக் கை சுளுக்கியிருந்த ஒரு நாள், கடைக்குப் பின்னாலிருந்த ஒடுங்கிய ஒழுங்கையில், "நீர் ஒருக்கா ரிவேர்ஸ் எடும்" என்றீர். உம்முடைய பிக்கப்பை நான் ஓட்டியது அந்த ஒரு தடவைதான். வலப்பக்கம் பார்க்க மறந்து லைட் போஸ்டில் கொண்டுபோய் அடித்தேன். பெயின்ட் டின்கள் உருண்டன. நீர் வெளியே வந்து, பின்னால் பார்த்து, குனிந்து கீழேயும் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை காணும். போஸ்டுக்குத்தான் சேதம்" என்றீர். அதன் பிறகு பிக்கப் இரண்டு கிழமை கராஜில் நின்றது. பிரேக் வேலை என்றீர். நம்பினேன். அதற்குப் பிறகு எப்போதும் அதன் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் நிறுத்துவீர். கள்ளருக்குப் பயம் என்று நினைத்திருந்தேன். கோடு கீறிச் சம்பளம் வாங்கியவன், ஒன்றேகால் அங்குலம் சரிந்த பின்கதவு பூட்டிய வாகனத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்ட ஏறி இறங்கியிருக்கிறேன்.

அன்று பின்னேரமே வாசுகிக்குப் போன் எடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு அரை மணித்தியாலம் தேவைப்பட்டது. சட்டம் பொருந்தாததற்கு என் படம் காரணம், சசி வளைந்ததற்கும் நானே காரணம் என்றேன். அந்தப் பக்கம் விம்முவதுபோல் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்கள் அடிச்சது எனக்குத் தெரியும். அப்ப எனக்குப் பத்து வயசு. அம்மா அப்பாவை ஏசு ஏசெண்டு ஏசினவ. அப்பா என்னைக் கூப்பிட்டு, 'அங்கிளிட்ட வாய் திறக்கக் கூடாது, அந்த மனிசன் பிறகு நித்திரை கொள்ளாது' எண்டவர். பெட்டி கட்டையெண்டு மட்டும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பன்." பிறகு குரல் மாறிக் கேட்டாள்: "சனிக்கிழமைக்கு முடியுமா?"

"முடியும்," என்றேன். அந்தச் சொல்லை நான் அப்படித் தனியாகச் சொல்லிப் பழக்கமில்லை. வழக்கமாகப் பின்னால் ஒரு "பார்ப்பம்" வரும்.

புதன்கிழமை காலை படத்தைத் திரும்ப வரைந்தேன். இடம் ஒரு நீளம், வலம் ஒரு நீளம். மூலைகள் மட்டமில்லை. பார்க்கக் கண்ணுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. அன்டன் பாஸ் சட்டத்தை வெட்டி ஒட்டினார். வியாழக்கிழமை போல்ட் ஆணிகள் கைவிரலாலேயே திருகி இறங்கின. பிறகுதான் பலகை வெட்டினோம். பதினொன்றும் உட்கார்ந்தன. கடைசிப் பலகையை மட்டும் ஒரு பக்கம் ஒடுங்கலாகச் சீவவேண்டியிருந்தது. சில பலகைகளில் உம்முடைய கையெழுத்தில் 'இரண்டு அங்குலம்', 'மூன்று அங்குலம்' என்று ஆணி அளவுகள் இன்னும் இருக்கின்றன. சீவி எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நேற்றுக் காலை எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கும்போது வாங்க வந்தவர் வந்தார். சுற்றிவரப் பார்த்தார். முழுதாகவே வாங்கிக்கொள்ளுகிறேன் என்றார். "இல்லை அண்ணை, இது எங்கட வீட்டு வாகனம்" என்றாள் வாசுகி. அவர் போன பிறகு பிக்கப்பின் திறப்பை என்னிடம் நீட்டினாள். முன்னுக்கு எடுப்பேன், பின்னுக்கு எடுக்கமாட்டேன் என்றேன். அன்டன் பாஸே பின்னுக்கு எடுத்து ஒழுங்கையில் விட்டார்.

புறப்படும்போது, சுவரில் ஒட்டவேண்டும், படத்தில் கையொப்பம் வைத்துத் தாருங்கள் என்று கேட்டார். எங்கள் கந்தோர்ப் படங்களில் கீழ்மூலையில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று வரைந்தவருக்கு, மற்றது சரிபார்த்தவருக்கு. வேலைக்காலம் முழுவதும் முதல் கட்டத்தில் மட்டும் ஒப்பமிட்டவன் நான். பதவி உயர்ந்த பிறகும் இரண்டாவதற்கு யாரையாவது தேடிப்போவேன். நேற்று இரண்டிலும் நானே ஒப்பமிட்டேன். குறிப்பில், "வலப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் குறைவு. அளவு சரி" என்று எழுதினேன்.

என் பிழை ஒன்றை எனக்குத் தெரியாமல் இத்தனை வருடம் நீர் வைத்திருந்தீர். இப்போது அது என்னிடம் வந்துவிட்டது, என்னிடமே இருக்கட்டும். ஆனால் ஒன்றில் நீர் என்னைப் பிழையாகக் கணித்துவிட்டீர் காணும். நேற்று இரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன்.