துரை வெளிறிய கிழமை

என் அன்பு அம்மாவுக்கு,

முதலில் துரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் உங்கள் கோமாளி மீனைத்தானே முதலில் விசாரித்திருப்பீர்கள். உயிரோடு இருக்கிறான். ஆனால் மூன்று கிழமைக்கு முன்னர் அவனை நான் கொல்லப் பார்த்தேன்.

உங்கள் முதலாம் ஆண்டுச் செபத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று வெள்ளவத்தை வீட்டை மூலை முடுக்கெல்லாம் கழுவினேன். என்னைத் தெரியும்தானே. சின்னவள் பிறந்த இந்த எட்டு மாதமும் போத்தல், சூப்பி, கிலுகிலுப்பை என்று எதையாவது கொதிக்க வைத்தபடிதான் இருக்கிறேன். அந்தக் கையோடு மீன்தொட்டியின் ஃபில்டர் பஞ்சையும் எடுத்தேன். பழுப்பேறி, வழுவழுவென்று கிடந்தது. குழாயைத் திறந்துவிட்டு, வெள்ளையாகும்வரை பிழிந்து பிழிந்து கழுவினேன்.

அந்த நாளில் கொட்டாஞ்சேனை வீட்டில் இந்தப் பஞ்சுக்காக எத்தனை சண்டை! "அம்மா, நாறுது, தூக்கி எறியுங்கோ" என்பேன். நீங்கள் வேலையால் வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல், மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் இருந்த தொட்டிக்கு முன்னால் குந்தியிருப்பீர்கள். நீல வெளிச்சம் உங்கள் முகத்தில் அசையும். "அதில கை வைச்சியோ, பிறகு தெரியும். போய்ப் படி!" பஞ்சைக் கழுவ உங்களுக்குச் சோம்பல் என்றுதான் நினைத்தேன். நாங்கள் இருவரும் முகம் கொடுக்காத நாட்களில்கூட அவனோடு கதைப்பீர்கள். "துரைக்கும் இண்டைக்குக் கோபமோ?" அவன் உங்கள் விரலுக்குப் பின்னாலேயே வருவான். எனக்குக் கேட்கத்தானே அப்படிச் சொன்னீர்கள்?

செபத்தன்று அவனுடைய செம்மஞ்சள், பால் கூடிப்போன தேத்தண்ணீரின் நிறத்துக்கு வந்திருந்தது. செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினான். உங்கள் தங்கைதான் முதலில் கண்டார். கையில் பாதி கடித்த ரோல்ஸோடு, "இஞ்ச பாருங்கோ, அக்காவை நினைச்சு மீனும் வெளிறிப் போச்சு!" என்றார். எல்லோரும் சுற்றி நின்று உச்சுக்கொட்டினார்கள். நானும் அழுதேன். நம்ப ஆசையாக இருந்தது அம்மா. உங்களுக்காக வாடுகிற இன்னோர் உயிர் வீட்டில் இருக்கிறதென்றால் எவ்வளவு ஆறுதல்!

மறுநாள் காலை அவன் செவுள் சிவந்திருந்தது. சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் பாமன்கடைச் சந்தியில் உள்ள வளர்ப்புமீன் கடைக்கு ஓடினேன். கடைக்கார அய்யே அதில் சோதனைச் சொட்டு விட்டார். மஞ்சளாக நிற்க வேண்டியது கரும்பச்சையானது.

"அமோனியா" என்றார். பிறகு சிங்களத்தில், "ஃபில்டர் ஹேதுவாத நங்கி?"

கழுவினேன், நல்ல வடிவாய்க் கழுவினேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று தீர்க்கும் கிருமிகள் அந்தப் பழுப்பில்தான் குடியிருந்தனவாம். குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிட்டது. துரை துக்கத்தில் வெளிறினான் என்று வீடே நம்பியது. வெளிறச் செய்தவள் நான்.

அவர் தன் தொட்டியிலிருந்தே அந்தக் கிருமிகள் ஊறிய ஊத்தைப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, தண்ணீரோடு பையில் கட்டித் தந்தார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீர் மாற்றினேன், தீனியைக் குறைத்தேன். சின்னவளுக்குக் காட்ட உங்கள் படம் இருக்கிறது. ஆனால் என்னை விட்டால், உங்களைத் தெரிந்த உயிர் இந்த வீட்டில் வேறு எது?

நேற்று வால் பக்கத்தில் செம்மஞ்சள் திரும்பியிருந்தது. சின்னவள் கண்ணாடியில் தட்டினாள். துரை வந்தான் அம்மா, அவளுடைய விரலுக்கு.

ஒன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அன்றைய கழுவலில் உங்கள் ஹவுஸ்கோட்டும் போய்விட்டது. பவுடரும் உப்பும் கலந்த உங்கள் மணம் அதில் இருந்தது. இப்போது சவர்க்காரம் மணக்கிறது. அதற்கு யாரிடம் போய் ஒரு துண்டு கேட்பேன்?

பஞ்சை இனித் தொட்டித் தண்ணீரில் மட்டும், மெல்ல அலசுவேன். உங்கள் கைப்பை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அதைத் துடைக்க மாட்டேன், திறக்கவும் மாட்டேன். சின்னவள் வளர்ந்து, அவளே திறந்து, மூக்கை உள்ளே விட்டு உங்களைத் தெரிந்துகொள்ளட்டும்.

துரையின் அக்கா,
உங்கள் மகள்