சவரியின் பசி

1957 நவம்பர் 4, திங்கள்

மழை. விறகு நனைந்து குசினி முழுக்கப் புகை. தையற்கடையில் முதல் நாள். வெள்ளைக்காரர் துறைமுகத் தளத்தை விட்டுப் போனதோடு வீட்டிலிருந்தே அவர்களுக்கு உடுப்புத் தைத்த வேலையும் போயிற்று. இனிக் காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வீடு.

வந்து பார்த்தால் மூடிவைத்த சோறு மூடினபடி. அதற்கு முன்னால் சவரி, சப்பாணி கட்டிக்கொண்டு. உதடு காய்ந்து, கை நடுங்குகிறது. முப்பது வயது ஆண்பிள்ளை, என் தம்பி.

"ஏன் சாப்பிடேல்ல?"

"சங்கு ஊதேல்ல."

துறைமுகப் பட்டறைச் சங்கு. மத்தியானம் ஊதினால் சாப்பாடு, பின்னேரம் ஊதினால் குளிப்பு. அம்மா செத்தபின் நான்தான் அப்படிப் பழக்கினேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. இன்றோடு சங்கும் நின்றுபோகும் என்று யார் கண்டது.

5, செவ்வாய்

மழை விடவில்லை. சவரிக்குத் தெரிந்தவை: குளிப்பு, சட்டை மாட்டுவது, கோப்பை கழுவுவது, ஊசிக்கு நூல் கோர்ப்பது (என்னைவிட வேகம்). தெரியாதவை: தனக்குப் பசிக்கிறது, குளிர்கிறது, நோகிறது. போன வருடம் காலில் ஆணி ஏறி, சீழ் மணந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, "அவர் அப்பிடித்தான், பிள்ளை" என்றார். அதற்கொரு பெயர்கூடச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பரீதா சோறு கொடுத்துப் பார்த்தாள். தொடவில்லை. அவளுடைய அலாரம் மணிக்கூட்டையும் தந்தாள். அடித்ததும் தலையைச் சுவரில் மோதினான். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

6, புதன்

கோயில் மணி! மத்தியானம் தவறாமல் அடிக்கிறார்களே. கடையில் அரை நாள் லீவு கேட்டு, மணி அடித்ததும் சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுத்தேன். மணி அடித்தால் சாப்பாடு என்று உடனே பிடித்துக்கொண்டான்.

10, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. முன்வீட்டு வஸ்தியாம்பிள்ளை காலையில் மோசம் போனார். நான் செத்தவீட்டில். கோயிலில் துக்க மணி. மணி மணிதானே அவனுக்கு. சோற்றைப் போட்டுக்கொண்டு என்னைத் தேடி வந்து, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இடம் கண்டு, இருந்து சாப்பிட்டான். தண்ணீர்கூடக் குடிக்காமல் அழுதுகொண்டிருந்த வீடு. மீனை முள் எடுத்து ஆறுதலாகச் சாப்பிட்டான்.

"இதை ஏன் கட்டி வைக்கேல்ல?" என்று ஒருத்தி. 'இதை'யாம். இழுத்துக்கொண்டு வந்தேன். வந்து அவனை அடித்தேன். எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை, கோப்பையைக் கழுவப் போய்விட்டான்.

12, செவ்வாய்

நிலாவெளியிலிருந்து எங்கள் மூத்தவர் அந்தோனி அண்ணன் வந்தார். செத்தவீட்டுக் கதை பஸ்ஸுக்கு முதல் அங்கே போயிருக்கிறது.

"கொழும்பில பைத்திய ஆசுபத்திரி இருக்குத்தானே. அங்க விடுவம்."

"அவனுக்குப் பைத்தியம் இல்லை அண்ணன்."

"நீ வேலைக்குப் போனா ஆர் பாக்கிறது? என்ர வீட்டில ஏலாது. சரி, ஒண்டு சொல்லுறன். வாற கிழமைக்கு அடுத்த ஞாயிறு வருவன். பசிக்குதோ எண்டு கேப்பன். ஓம் எண்டு சொல்லிப்போட்டு, தானே போட்டுச் சாப்பிடட்டும். பிறகு நான் வாய் திறக்க மாட்டன்."

கொடுமைக்காரர் இல்லை அண்ணன். அதுதான் கஷ்டம், திட்டவும் முடியவில்லை.

14, வியாழன்

அடி வாங்கியதிலிருந்து மணி அடித்தாலும் அவன் சோற்றைத் தொடுவதில்லை. இனி மணியும் வேண்டாம், சங்கும் வேண்டாம். வயிறுதான். காலையிலிருந்து நானும் சாப்பிடாமல் இருந்து, பின்னேரம் அவன் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். நல்ல நேரத்தில் உறுமியது. "இதுதான் பசி." சிரித்தான். அவன் கையை அவன் வயிற்றில் வைத்தேன். சுட்டதுபோல் இழுத்துக்கொண்டான்.

18, திங்கள்

தினமும் இதே வேலை. முதலாளி, "என்ன பிள்ளை, தலைச்சுத்தோ?" என்கிறார். ஒரு களிசானைக் கோணலாக வெட்டிவிட்டேன்.

20, புதன்

மாதாவே! நான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சவரி ஓடிவந்து என் வயிற்றில் கைவைத்து, "பசி!" நான் கேட்கவே இல்லை. சோற்றை அவனே போட்டான், எனக்கும் சேர்த்து. பரீதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் அழுதாள். நாளைக்கு இறால் வாங்க வேண்டும்.

23, சனி

மழை. கடையிலிருந்து வந்தேன். சோறு மூடினபடி.

வாசலில் காத்திருந்து என் வயிற்றைத் தொட்டான். "அக்காவுக்குப் பசி." பிறகுதான் சாப்பிட்டான், அள்ளி அள்ளி. புதன்கிழமையும் இதேதான் நடந்திருக்கிறது, நான்தான் அழுது கொண்டாடினேன். பசி என்பது அக்காவின் வயிற்றில் இருக்கும் ஒன்று என்று படித்திருக்கிறான். அப்படித்தானே படிப்பித்தேன்.

இரவு முழுக்க, "உன்ர வயிறு, சவரி, உன்ர வயிறு." அவனும் சொன்னான்: "உன்ர வயிறு." சொல்லிவிட்டு என்னைத் தொட்டான்.

24, ஞாயிறு

அண்ணன் வந்தார். அவர் கேட்கப்போகிறார் என்று சவரிக்குக் காலையில் ஒன்றும் கொடுக்கவில்லை. நான் பூசைக்குப் போய்வந்து ரெண்டு இடியப்பம் தின்றிருந்தேன், மயக்கம் வரக்கூடாதென்று.

"சவரி, பசிக்குதோடா?" அன்பாகத்தான் கேட்டார்.

எழும்பி வந்து அண்ணனின் வயிற்றில் கையை வைத்தான். பொறுமையாகப் பார்த்தான். "இல்லை" என்றான். உண்மைதான், அண்ணன் சாப்பிட்டுவிட்டு வந்தவர்.

அப்போது அவன் வயிறு உறுமியது. மூன்று பேருக்கும் கேட்டது. சவரி திரும்பி, யாருக்கு என்று பார்த்தான். என்னிடம் வந்தான்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உடுப்பை அடுக்கு, தங்கச்சி. நாளைக்கு றெயிலுக்குப் போறம்" என்றார்.

சட்டை நாலு, சாரம் ரெண்டு, துவாய். தன் உடுப்பைத் தானே மடித்துத் தந்தான், மூலை பிசகாமல். கொழும்பில் யாருடைய வயிற்றைத் தொட்டுப் பார்ப்பான்.