எடெல்மிரா பிரித்த வண்டி

மணிக்கராகுவா,
மே 19, 2024.

அன்பு மகள் யானெலிஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மொந்தெவிதேயோவில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவன் இப்போது ஏன் காகிதத்தைத் தேடுகிறான் என்று நினைப்பாய். போனில் பாதி சொல்வதற்குள் இங்கே கரண்ட் போய்விடும். இது பாதியில் நிற்கக்கூடாத சங்கதி. லதிஸ்லாவோவின் மருமகள் செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீயும் அம்மாவும் தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தீர்களே, அதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எனக்கு அன்றைக்கே தெரியும். இப்போது அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. நான் எழுதாவிட்டால் தானே எழுதிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். கொஞ்சம் பொறுத்துக்கொள் கண்ணு, வண்டி வெளியே வந்த கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வார்த்தை வரும்.

ஜனவரியில் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். சியென்ஃபுவேகோஸ் ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்துவிட்டு, ஒரு கண்ணில் கட்டோடு வீடு வந்தேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளி, தரை முழுக்கப் படுக்கை விரிப்பைப் போட்டு, அதன்மேல் நம் வண்டி. உன் தாத்தா 1949-இல் வாங்கிய அதே வண்டி, பன்றிக் கொட்டடிப் பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் நான் ஒன்பது வருஷம் மூடிவைத்த வண்டி, துண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் உன் அம்மா, மடக்க முடியாத காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பல் சுரண்டுகிற கொக்கியால் கார்புரேட்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் கண்கட்டே அவிழ்ந்துவிடும் போலிருந்தது. அது தேறாது என்று ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறேன், யாரைக் கேட்டு எடுத்தாய் என்று கத்தினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கால் ஒடைஞ்சது எனக்கு. எனக்கே இதைப் பார்த்தா பயமில்ல, ஒனக்கு என்ன கிழவா பயம்?" என்றாள். பிறகு, "நம்ம பொண்ணு ஏன் ஊருக்கே வரமாட்டேங்கிறான்னு நெனைக்கிற? லீவு இல்லையாம் லீவு! நான் நொண்டுறதை அவளால பார்க்க முடியல. நானே இதை ஓட்டுற மாதிரி ஒரு போட்டோ அனுப்பினா, அடுத்த பிளேன்ல வந்துடுவா பாரு" என்றாள்.

அறுபத்து மூன்று வயது. அதுவரை ஒரு சைக்கிள்கூட ஓட்டாதவள். இதைக் கேட்டு நான் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சிரித்தவன் வாயை மூட ரொம்ப நாள் ஆகவில்லை. முப்பத்தொரு வருஷம் பல் ஆஸ்பத்திரியில் செயற்கைப் பல் செய்தவள் கை அது. நாமெல்லாம் கழற்றினால் நாலு திருகாணி மிச்சம் விழும். அவள் ஒவ்வொன்றையும் கழற்றும்போதே பல் வரிசைபோல எண் போட்டு மாத்திரை டப்பாக்களில் வைத்திருந்தாள். "கிழவா, கீழ்த்தாடை இடது கடைவாய் எங்க?" என்பாள். அது ஏதோ ஒரு நட்டு என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. இல்லாத சாமானுக்கு மெழுகில் உருவம் பிடிப்பாள், மாவுக்கட்டில் அச்சு எடுப்பாள், பழைய அலுமினியப் பானையை உருக்கி ஊற்றுவாள். கியர் குச்சியின் குமிழ் தொலைந்துபோயிருந்தது. பல் செட்டுக்குப் போடுகிற ஈறு நிறப் பசையிலேயே ஒன்று செய்துவிட்டாள். ரோஜா நிறத்தில், பளபளவென்று, யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கிறது.

என் கூட்டாளி லதிஸ்லாவோ ஒரு நாள் வந்து வாசலில் நின்று, "பல்லு கட்டுறவளுக்கு எதுக்குப் பிஸ்டன் வேலை? எரிபெர்த்தோ, ஒன் பொண்டாட்டிக்கு வெயில் ஒத்துக்கல போல" என்றான். அவள் அவனைப் பார்த்து, "ஒன் மேல் செட்டு ஆடுதே, அதை மொதல்ல சரி பண்ணட்டுமா?" என்றாள். பத்து நாளில் அதே லதிஸ்லாவோ தன் வண்டியின் கார்புரேட்டரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "அம்மணி, சும்மா ஒரு பார்வை" என்று நின்றான். நாற்பது வருஷம் ஆலையில் வெல்டு வைத்த நான், என் கூடத்திலேயே என் பெண்டாட்டிக்கு டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றைத்தான் அவள் கையில் படாமல் பார்த்துக்கொண்டேன். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க். விழுந்தபோது அதன் இடது குழாய் ஒடிந்தது. ஆலையிலிருந்து புதுக் குழாய் கடைந்து வாங்கி வருகிறேன், பழசை விடு என்று தட்டிக் கழித்தேன். சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மார்ச்சில் ஒரு காலை, நான் ரொட்டிக்கு வரிசையில் நின்ற நேரம், அளவு எடுக்க வேண்டுமென்று அதை வெளியே எடுத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது மேஜைமேல் அது கிடந்தது. அவள் லென்ஸைக் கண்ணில் மாட்டியிருந்தாள். "செட்டு ஒடைஞ்சு வர்றவங்க எல்லாருமே நேத்து ராத்திரிதான் ஒடைஞ்சதும்பாங்க. எது பழைய கீறல், எது புதுசுன்னு எனக்குத் தெரியும். இங்க பாரு" என்றாள். ஒடிந்த வாயின் உள்பக்கத்தில், முக்கால்வாசி தூரத்துக்குப் பச்சைப் பெயிண்ட் இறங்கியிருந்தது. "பெயிண்ட் உள்ள போகணும்னா, அடிக்கும்போதே வாய் பொளந்திருக்கணும். இதை அடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

யார் அடித்தது என்று உனக்கும் தெரியும். தந்தையர் தினத்தன்று பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் ஊர்வலம் போவோமே, அந்த வருஷம் நீ ஓட்டுவதாக இருந்தது. பச்சை வேண்டும் என்றாய். நான்தான் அடித்தேன்.

இனி நேராகவே சொல்கிறேன். உதிரி சாமான் எதுவும் கிடைக்காத தொண்ணூற்று நாலில் அந்தக் குழாயில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகிப் பித்தளை வெல்டு வைத்தது நான். எரிபெர்த்தோ வைத்த வெல்டு பிரியாது என்று ஊரே சொல்லும், நானும் நம்பினேன். இருபது வருஷம் கழித்துப் பெயிண்டுக்காகச் சுரண்டியபோது வெல்டுக்குப் பக்கத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பார்த்தேன், யானெலிஸ். பார்த்துவிட்டு, ஊர்வலம் முடிந்து பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெயிண்டை அடித்தேன். மூன்றாம் நாள் நீ அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் பழகக் கிளம்பினாய். நான் வாசலில் நின்று கை காட்டினேன்.

நீ வேகமாக வரவில்லை. பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கவும் இல்லை. ஃபோர்க் ஒடிந்ததால் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்ப்பா, எல்லாம் என்னாலதான்" என்று அழுதாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். இல்லை என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. அன்று வராதது, மறுநாள் இன்னும் கஷ்டமாயிற்று. பிறகு நீ ஊரைவிட்டே போனாய். ஒவ்வொரு வாரமும் போனில் முதலில் அம்மா காலைத்தான் கேட்பாய், நானும் பரவாயில்லை என்பேன். என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பழியை உன்னைச் சுமக்கவிட்டேன்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. ரெண்டு நாள் டார்ச் பிடிக்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் காப்பியை வைத்துவிட்டு, "என் கால் கெடக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு எழுது" என்றாள். அப்புறம் போய்த் தன் வேலையைப் பார்த்தாள். இவ்வளவுக்குப் பிறகும் அவள் அந்த வண்டியை விடவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். புதுக் குழாயை ஆலை லேத்தில் கடையும்போது பக்கத்திலேயே நின்றாள், என்னை ஒரு வெல்டும் வைக்கவிடவில்லை. வலது கால் மடங்காதே, அதற்காகப் பிரேக் மிதியை நீட்டி வளைத்துக்கொண்டாள். ஏப்ரல் முழுக்க விழுந்து விழுந்து பழகினாள். போன ஞாயிறு பூங்காவை மூன்று சுற்று சுற்றினாள். பெஞ்சில் இருந்த ஆண்களெல்லாம் தொப்பியைக் கழற்றினார்கள், லதிஸ்லாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. திட்டு. போனில் வேண்டாம், லைன் போய்விடும். நேரில் வந்து, வாசலில் நிற்கவைத்து, தெருவே கேட்கும்படி திட்டு. நான் தலை குனிந்து நிற்கிறேன். நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும். ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த
உன் அப்பா,
எரிபெர்த்தோ

கண்ணு, அம்மா எழுதுகிறேன். கிழவன் எழுதியதை வாசித்தேன், எதையும் குறைக்கவில்லை. ஆனால் அவன் ஒருத்தன் மட்டும் குற்றவாளி என்று நினைத்துவிடாதே. நானும் இத்தனை வருஷமாக நீ வேகமாகத்தான் வந்தாய் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் சொல்லாவிட்டாலும் உனக்குக் கேட்டிருக்கும். அதனால்தான் நீ வரவில்லை என்று இப்போது புரிகிறது. உன்மேல் தப்பே இல்லை, என் தங்கமே. பின்சீட்டில் இதுவரை நான் யாரையும் ஏற்றவில்லை, இவன் எவ்வளவோ கெஞ்சுகிறான். நீ வா.