அத்துமானின் குதிகால்

அன்பு மகள் முனீராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். லாமுத் தீவில் நானும் உன் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம், தோஹாவில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க துஆ கேட்கிறோம். இது வாப்பாவே எழுதுவது. யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித் தரவில்லை. எழுத்து கோணினாலும் எனக்கு இதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

உன் கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து உரிந்து அரிக்கிறது என்று உம்மாவிடம் போனில் சொன்னாயாம். அது சேற்றுப்புண், மகளே. எனக்கும் வந்தது, எல்லாம் பக்கத்து வீட்டு அத்துமானால். அவன் மகன் பளபளவென்று ஷூ அனுப்பினான், அதனால்தான் நானும் உன்னிடம் கேட்டு வாங்கினேன். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்த தண்ணீரைத் துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும் என்று நம் கிழவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டல்லவா, அந்த ஈரக்காலிலேயே சாக்ஸ் போட்டு ஷூவையும் மாட்டி வேண்டுமென்றே அவன் வாசல் வழியாக நடந்தேன். கொஞ்ச நாளில் அரிப்பு, வெடிப்பு, நாற்றம். உம்மா என் சாக்ஸைக் குச்சியால் தூக்கி, “இதைக் கடல்ல போட்டா மீனெல்லாம் மொம்பாசாவுக்கு ஓடிடும்” என்றாள்.

நபிகள் பிறந்தநாள் மவ்லிது ஊர்வலத்தில் கோல் ஆட்டத்துக்கு வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். வரிசைத் தலைவர் போன வருடம் மௌத்தாகிவிட்டார், அந்த இடம் எனக்கா அத்துமானுக்கா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது, அப்போது பார்த்து இரண்டு பேர் காலும் புண். ஆமாம், அவனுக்கும் வந்திருந்தது. பள்ளிவாசலில் ஒளு செய்யும் ஹவுள் தொட்டிப் பக்கம் கிடக்கும் பொதுச் செருப்பை அத்தனை பேரும் மாட்டுகிறோமே. எனக்கு நர்ஸ் ஸுபேதா பூஞ்சைக் களிம்பு தந்தாள். அவனோ கடையில் ஏதோ வாங்கித் தடவினான், இரண்டே நாளில் அரிப்பு நின்று என் முன்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதே களிம்பு எனக்கும் வேண்டும் என்று ஸுபேதாவிடம் போனேன். “அது முகம் வெளுக்க பொண்ணுங்க பூசுறது, வாப்பா. அரிப்பைத் தூங்க வச்சிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். அவர் காலு இனிமேதான் கெடும்” என்றாள்.

வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன், மகளே. சும்மா இருந்தால் போதும், தலைவர் இடம் எனக்குத்தான். உம்மாதான், “பள்ளிவாசல்ல அவரு கால் வைக்கிற பாயிலதானே நீங்களும் கால் வைக்கிறீங்க, திரும்ப வராதா?” என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. மனசே இல்லாமல் அவனிடம் போய் ஸுபேதா சொன்னதைச் சொன்னேன். “பொறாமைக்காரா, என் காலு ஆறினது பொறுக்கலையா?” என்று கத்தினான். அடுத்த வாரம் கணுக்கால் வரை சிவந்து வளையமாகப் படர்ந்ததும் நான் சொன்னது நினைவு வந்து அவனே ஸுபேதாவைத் தேடி ஓடினான், என் களிம்பையே வாங்கித் தடவினான்.

நீயும் கேள். விரல் இடுக்கைத் துணியால் ஒற்றிக் காய வை, துடைத்தால் ஒளு போகாது என்று இமாமே சொல்லிவிட்டார். பூஞ்சைக் களிம்பு வாங்கிக் காலையும் இரவும் தடவு, அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதே, தோல் சரியான பிறகும் இரண்டு வாரம் தடவு. சாக்ஸைத் தினமும் மாற்று, ஷூவை வெயிலில் வை, கூட இருக்கும் பெண்களின் செருப்பில் கால் நுழைக்காதே. ஆறவில்லை என்றால் டாக்டரிடம் போ.

முந்தாநாள் ஊர்வலம் முடிந்தது. உயரமாக இருக்கிறான் என்று அத்துமானைத்தான் முதலில் நிறுத்தினார்கள். நான் அவனுக்குப் பின்னால். கூட்டம் முழுவதும் அவன் தலைப்பாகையைப் பார்த்தது, நான் அவன் குதிகாலையே பார்த்துக்கொண்டு ஆடினேன். ஒரு வெடிப்பும் இல்லை, குழந்தையின் கால் மாதிரி இருந்தது. அது நான் ஆற்றிய கால் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது. உனக்காவது தெரியட்டும்.

அல்லாஹ் உன்னைக் காப்பானாக. களிம்பை மறக்காதே.

உன் வாப்பா,
ஷேபுவானா