ஹால் சுவரில் என் ஸ்கீ

ஜனவரி 9, தென்காசி

பனிச்சறுக்குப் பலகை ஜோடி வந்துவிட்டது. காஷ்மீரில், குல்மார்க்கில் ராணுவத்தில் இருக்கும் முத்துச்செல்வம் அண்ணன் அனுப்பியது. தேக்கு நிறம், நடுவில் சிவப்புக் கோடு, வளைந்த மூக்கு — அந்தக் காலத்து மர ஸ்கீ மாதிரியே. வேஷம்தான் பழசு. உள்ளே கார்பன், ஓரத்தில் எஃகுப் பட்டை. அத்தை தடவிப் பார்த்துவிட்டு, உன் அண்ணன் புதுசாக வாங்கித் தரக்கூடாதா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

ஸ்டாஃப் ரூமிலும் கேலிதான். பி.டி. டீச்சருக்குக் குற்றாலத்து வழுக்குப்பாறை போதாதாம்.

பிப்ரவரி 4, குல்மார்க்

பனிச்சறுக்கு என்.சி.சி.யில் கற்றது. கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் பனியில் கால் வைத்தேன். முதல் சரிவில் பயந்து செத்தேன். அப்புறம் திருப்பத்தில் வெளிப்பக்கக் காலில் எடையைப் போட்டதும் அந்த எஃகு பனியைக் கடித்துத் திரும்பியது பாருங்கள் — யாரிடம் சொல்கிறேன், எனக்கு நானேதான் — கத்திவிட்டேன். பார்க்கத்தான் தாத்தா காலத்துச் சாமான்.

கோச் விஸ்வநாதன் சார் கவனித்திருக்கிறார். அடுத்த பிப்ரவரியில் மாநில அணிக்கு டிரையல், இதே பலகையோடு வா என்றார். வருவேன். எப்படியாவது வருவேன்.

பிப்ரவரி 19, தென்காசி

எப்படி இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாவு அரைத்தேன்.

ஜூன் 23

சாரல் தொடங்கிவிட்டது. எஃகு துருப்பிடிக்கும். மெழுகு தடவி, துணி சுற்றி மச்சில் வைத்தேன். டிரையலுக்கு வேண்டியது, யாரும் தொடாதீர்கள் என்று இவரிடமும் சொன்னேன். சரி என்றார்.

ஆகஸ்ட் 22

புது வீட்டுப் பால்காய்ப்பு. பாலை இறக்கிவிட்டு ஹாலுக்கு வந்தால், பழைய வீட்டு மச்சில் வைத்த என் பலகைகள் சுவரில். பெருக்கல் குறி மாதிரி. மூக்கிலும் வாலிலும் டிரில் போட்டு ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறது. ஷூவை மாட்டுகிற பைண்டிங்கைக் கழற்றிப் பாலிதீன் பையில் போட்டிருக்கிறார். சொந்தக்காரர்கள் அருவியில் குளித்த ஈரத்தலையோடு அதன் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

"பழைய காலத்துச் சாமான் மாரி ஹாலுக்கு எடுப்பா இருக்கும்லா, அதான்" என்றார் இவர்.

அத்தனை பேர் முன்னால் என்ன பேச? அடுக்களைக்குப் போய் நின்றேன். ஓட்டை போட்டுட்டாரே. பாவி மனுசன், ஓட்டை போட்டுட்டாரே.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. பலகைக்கும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னாள் அத்தை. வைத்தேன்.

ஜனவரி 6

விஸ்வநாதன் சார் கூப்பிட்டார். டிரையல் பிப்ரவரி முதல் வாரம். இவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"எதுல போவ? அதான் பலகை சுவத்துல கெடக்கே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்போ தெரிஞ்சேதான் செஞ்சாரா? இல்லை, நானாத்தான் நினைக்கேனா? தெரிந்து செய்தால் என்ன, தெரியாமல் செய்தால் என்ன.

ஜனவரி 8

அண்ணனிடம் போனில் அழுதேன். ஓட்டையை எபாக்சிப் பசை வைத்து அடைக்கலாம், ஆனால் மழைக்காலத்து ஈரம் உள்ளே இறங்கியிருந்தால் முன்போல ஓடாது என்றான்.

"ஏட்டி, நீ கழத்தி எடுத்துட்டு வா. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

ஜனவரி 11

இவர் ஆபீஸ் போனதும் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். பெயிண்ட் பெயர்ந்து வந்தது. அத்தை சோபாவில் இருந்தபடியே, புதுச் சுவரு நாசமாப் போச்சு என்று புலம்பினாள். என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

பிப்ரவரி 7, குல்மார்க்

டிரையல் முடிந்தது. அண்ணன் ஓட்டையை அடைத்து, பைண்டிங்கை மாட்டித் தந்தும் இடது பலகை முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகவே இழுத்தது. கடைசித் திருப்பத்தில் விழுந்தேன். எழுந்து முடித்தேன். அணியில் என் பேர் இல்லை. பலகையைப் பார்த்துவிட்டு, யாரும்மா இப்படிச் செய்தது என்று கேட்டார் விஸ்வநாதன் சார். வீட்டில்தான் என்றேன்.

சாயங்காலம் அத்தை போன். விருந்தாளி வருகிறார்களாம், சுவர் பார்க்கச் சகிக்கவில்லையாம், எப்ப வாரே என்று கேட்டாள்.

"அங்கன ஒரு காலண்டரை மாட்டுங்க அத்தை" என்றேன்.

திரும்பிப் போக இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.