உன் ஊரில் நான் இறங்காத கதை

நேற்று மெல்பேர்ன் கிளேட்டனில் ஒரு கடை வாசலில் பொரிக்குக் கடுகெண்ணெய் விட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் மரக்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். முன்னால் போன மகள் திரும்பி வந்து, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள். ஓம் என்றேன். உன்னைப் பற்றி அவளுக்கு எங்கே தொடங்கிச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

பிஸ்கட் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்ற பதினொரு வருடமும் நீ உன் வங்காளக் கிராமத்தைத்தான் பேசினாய். கொல்கத்தா சியால்டா ஸ்டேஷனிலிருந்து லோக்கல் ரயிலில் ஒன்றேகால் மணித்தியாலம். பிளாட்பாரத்திலேயே மீன் சந்தை. வீட்டுக்கு வீடு குளம். மணிக்கூடு பார்க்காமல், காலை ரயில் போய்விட்டதா என்று கேட்டு உலை வைக்கிற பெண்கள். மூன்று பேர் இருக்கிற பலகையில் நாலாவது ஆளும் இருக்கலாம், கேட்டால் போதும். நான் நம்பவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்துப் புளுகைவிட உன் புளுகு பெரிது என்று சிரித்திருக்கிறேன்.

ஆனால் அந்த ஊருக்குப் போக நீ பயந்தாய். உன் அம்மா செத்தபோது விசா அலுவல் முடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்டாய். கொள்ளி வைக்க வராதவனோடு கதை இல்லை என்று உன் அண்ணர் ஏழு வருடமாக வாய் திறக்கவில்லை. கடைசியில் டிக்கெட் எடுத்தபோது எனக்கும் சேர்த்து எடுத்தாய். "நீ பக்கத்தில நில், மச்சான். விருந்தாளிக்கு முன்னால அவர் என்னைப் பேசமாட்டார்" என்றாய். மச்சான் என்ற சொல்லை உனக்குப் பழக்கியவன் நான்தான். இந்தியாவில் என் முதல் உத்தியோகம் இப்படிக் கேடயமாக நிற்பது!

ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே எழும்பிக் கதவடிக்கு வந்துவிட வேண்டும், ரயில் அரை நிமிடம்தான் நிற்கும் என்று மூன்று தரம் சொன்னாய். தலையாட்டினேன். ஆனால் மெல்பேர்ன் என்னை நல்ல மனிதனாக்கி வைத்திருந்ததே! நீ இறங்கிவிட்டாய். எனக்கு முன்னால் ஒரு கூடைக்கார அம்மா ஏற வந்தார். "பிளீஸ்" என்று ஒதுங்கினேன். அவருக்குப் பின்னால் ஊரே ஏறியது. நான் எல்லாருக்கும் "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டு முடிக்க முன்னம், பிளாட்பாரத்தில் நின்ற நீயும், விருந்தாளி வருகிறார் என்று ஸ்டேஷனுக்கு வந்திருந்த உன் அண்ணரும் பின்னால் போனீர்கள்.

அடுத்த ஸ்டேஷனில் எப்படியோ என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். போனில் இந்திய சிம் இல்லை. கடதாசிச் சுருளில் கடுகெண்ணெய்ப் பொரி வாங்கித் தின்றுகொண்டு, என்னை நானே திட்டிக்கொண்டு இருந்தேன். ஒரே ஒரு வேலைக்குக் கூட்டி வந்தவனை அந்த நேரம் பார்த்துத் தனியே விட்டுவிட்டேனே.

முக்கால் மணித்தியாலத்தில் அடுத்த ரயில் வந்தது. கதவில் நீங்கள் இருவரும். உன் கண் சிவந்திருந்தது. உன் பை அண்ணரின் தோளில் தொங்கியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மரியாதை எல்லாம் வீட்டில வைச்சுக்கொள்ளும். கதவில வேண்டாம்" என்றார்.

மெல்பேர்ன் திரும்பியதும் நீ கதையை மாற்றிவிட்டாய். அண்ணன் தம்பியைத் தனியே பேசவிட வேண்டும் என்று நான் வேண்டுமென்றே இறங்காமல் போனேனாம். தொழிற்சாலை முழுக்கச் சொன்னாய். என் மனைவி மட்டும் நம்பவில்லை. நான் மறுக்கவுமில்லை, அடக்கமாகக் குனிந்துகொண்டேன். போன குளிருக்கு உன் நெஞ்சு நின்றுபோய், உன்னை அனுப்பிவைத்த அன்றும் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

உன் அண்ணர் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுக்கிறார். எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஒரே வகுப்பில் பெயிலானது, அதனால் நன்றாக விளங்கும். போன கிழமை அவரிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். நான் தியாகி இல்லை, மடையன் என்றேன்.

அவர் சொன்னார்: "தெரியும். நீர் கூடைக்குச் சொறி சொன்னதை ரெண்டு பேரும் பார்த்தனாங்கள். நான் ஓடிவந்து உம்மை இழுக்கப் பார்த்தன். அவன் என்ர கையைப் பிடிச்சிட்டான். 'விடு அண்ணா, அவன் அடுத்த ஸ்டேஷனில இருப்பான். நீ இப்ப அங்கால போனா, திரும்பி என்னட்ட வரமாட்டாய்' எண்டான். ஏழு வருசத்துக்குப் பிறகு அவன் என்னைத் தொட்டது அப்பதான்."

அடப்பாவி. கண்ணெதிரே என்னைப் போகவிட்டாய். போகவிட்டதற்கு எனக்கே மாலையும் போட்டாய்.

மனைவியிடம் இதைச் சொல்லப்போவதில்லை. என் வாழ்நாளில் ஒருவர் கூப்பிட்டுத் தந்த நல்ல பேர் அது ஒன்றுதான். உழைக்காமல் வந்தது என்று தெரிந்தும், உயிரோடு இருக்கிற மட்டும் நானே வைத்திருக்கப் போகிறேன்.